காசியம்மாளின் ஆறாவது பிள்ளை

என் மகன் சின்னதுரை மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது, எழுபத்தைந்தாம் வருஷம் கார்த்திகை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை பத்து மணி இருபத்தெட்டு நிமிஷத்துக்குக் காசியம்மாளுக்குச் சொந்தமானான். நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்கிறேன் என்றால் அதற்குக் காரணம் உண்டு. அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் நான் கோயில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, என் கைக்கடிகாரத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

காசியம்மாள் யாரென்றே அதுவரை எனக்குத் தெரியாது. கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலையடிவாரத்தில், அந்தக் கோயிலுக்குப் பின்னால் இருந்த காலனியில் குடியிருந்தவள். முப்பது வயதுக்கு ஒன்றிரண்டு கூட இருக்கும். களை எடுப்பு, கரும்பு வெட்டு, கடலை பிடுங்குவது என்று எது கிடைத்தாலும் போவாள். ஒன்றும் கிடைக்காத நாளில் கோயில் பிராகாரத்தில் புல் செதுக்குவாள். புருஷன் இருசப்பன் மலைமேல் வேலைக்குப் போனால் ஒரு வாரம் கழித்துத்தான் இறங்குவான். ஒரு பசு, ஒரு குடிசை, ஐந்து பிள்ளைகள். ஆறாவது ஒன்று வேண்டும் என்று அவள் எந்தச் சாமியிடமும் கேட்டதில்லை.

கேட்டவர்கள் நாங்கள்தான். எங்களுக்கு முதல் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. பெண் பதினோரு மாதத்தில் போனாள். பையன் இரண்டரை வயதில் போனான். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. மூன்றாவதாகச் சின்னதுரை பிறந்தபோது என் மனைவி பெரியநாயகி அவனை வாய்விட்டுக் கொஞ்சவே மாட்டாள். எமன் காதில் விழுந்துவிடுமாம். பால் கொடுக்கும்போதுகூட, யார் வீட்டுப் பிள்ளைக்கோ கொடுப்பது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பிள்ளையை முறத்தில் கிடத்திக் கோயில் படியில் வைத்துச் சாமிக்கே கொடுத்துவிட வேண்டும். பெற்றவர்கள் திரும்பிப் பார்க்காமல் விலகி நிற்க வேண்டும். அப்புறம் வேறு ஒருத்தி வந்து, படியில் தவிட்டை வைத்துவிட்டுப் பிள்ளையை எடுத்துக்கொள்வாள். அன்றிலிருந்து பிள்ளை அவளுடையது. பால் கொடுப்பதும் குளிப்பாட்டுவதும் பெற்றவளே செய்யலாம். ஆனால் உரிமை அவளுக்கு. மூன்று வயது முடிகிற அன்று அதே கோயிலில், அவள் கேட்பதைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அதுவரை எமன் வாசலில் வந்து நின்றால், 'இது எங்க பிள்ளை இல்லீங்க, விலாசம் தப்பு' என்று அனுப்பிவிடலாம். ஏற்பாட்டில் எனக்கு ஓட்டை எதுவும் தெரியவில்லை.

வாங்குகிறவள் சொந்தத்தில் இருந்தால் பின்னால் வம்பு வராது என்று என் தங்கை ஜெயம்மாளை ஏற்பாடு செய்தேன். உளுந்தூர்பேட்டையில் அவள் புருஷன் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். விடியக்காலையில் பஸ் ஏறி ஒன்பது மணிக்குள் வந்துவிடு என்று மூன்று கடுதாசி போட்டேன். எனக்கு எல்லாம் நேரத்துக்கு நடக்க வேண்டும். எங்கள் ஊர் நைனார்பாளையத்தில் என்னை முன்கோபி என்பார்கள். கோபப்படுகிற மாதிரி மற்றவர்கள் நடந்துகொண்டால் நான் என்ன செய்வது?

ஒன்பது மணிக்குப் பிள்ளையைப் படியில் வைத்தோம். முறத்தைச் சுற்றிச் சாமந்தி மாலை. நானும் பெரியநாயகியும் போய்ச் சுவரைப் பார்த்து நின்றோம். மணி ஒன்பதரை. பத்து. பத்தே கால். ஜெயம்மாளைக் காணோம். பத்தரைக்கு ராகு காலம். வெயில் படிக்கு வந்துவிட்டது. பிள்ளை வீறிட்டுக் கத்துகிறான். எங்களால் திரும்பவும் முடியாது, தூக்கவும் முடியாது. பெரியநாயகி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிறாள். பின்னால் நடந்தது எதையும் நான் பார்க்கவில்லை. காதால் கேட்டதுதான்.

"ராஜாங்கம், உம்ம தங்கை வருவாளா மாட்டாளா?" என்றார் குருக்கள்.

"வந்துடுவா சாமி," என்றேன் சுவரிடம்.

"ஐயய்யோ, ஆடு!"

"ஆடு இன்னா பண்ணுது?"

"மாலையைத் தின்கிறது. முறத்துக்கிட்ட போறது."

"தொரத்துங்க சாமி!"

"நான் மடியில இருக்கேன்யா. ஆட்டைத் தொட்டா மறுபடியும் குளத்துக்குப் போகணும்!"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சுவர் இடிந்திருக்க வேண்டும். அப்போதுதான் மூன்றாவதாக ஒரு குரல் கேட்டது. கணீரென்ற பெண் குரல்.

"த்தா, போ ஆடே! யார் வூட்டு கொழந்தைங்க இது? வெயில்ல போட்டுட்டு இன்னாத்துக்கு சுவத்தப் பாத்துக்கினு நிக்கிறீங்க ரெண்டு பேரும்? பெத்த வயிறுதானே அது?"

தொப்பென்று எதையோ கீழே வைக்கும் சத்தம். பிள்ளையின் அழுகை நின்றது. அடுத்த கணமே குருக்கள் மணியை எடுத்து ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். "ஆச்சு! வாங்கியாச்சு! பத்து இருபத்தெட்டு!"

நாங்கள் திரும்பிப் பார்த்தோம். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, இடுப்பில் களைக்கொத்தைச் செருகியிருந்த ஒருத்தியின் தோளில் என் மகன் விக்கிக்கொண்டு கிடந்தான். படியில் ஒரு துணி மூட்டை. மில்லிலிருந்து மாட்டுக்குத் தவிடு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற வழியில், பிள்ளையை இரண்டு கையாலும் தூக்க வேண்டும் என்பதற்காக மூட்டையைக் கீழே வைத்திருக்கிறாள். அவ்வளவுதான் அவள் செய்தது. குருக்கள் மூட்டையை அவிழ்த்துச் சாமி முன்னால் கொட்டியே விட்டார்.

"சாமி! சாமி! அது என் மாட்டுத் தவுடு சாமி!" என்று பிள்ளையோடு ஓடினாள் அவள்.

குருக்கள் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார். அவள் கேட்டாள். பிள்ளையைப் பார்த்தாள். என்னையும் என் வெள்ளை வேட்டியையும் பார்த்தாள். "ஏற்கெனவே அஞ்சு கெடக்குது சாமி," என்றாள். அப்புறம் துணியை விலக்கி ஆணா பெண்ணா என்று பார்த்துக்கொண்டாள். "சரி, போவட்டும். கஞ்சியில இன்னும் ஒரு சொம்பு தண்ணி ஊத்திக்கினா தீந்துச்சு."

பதினோரு மணிக்கு ஜெயம்மாள் வந்து சேர்ந்தாள். உளுந்தூர்பேட்டையில் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தவிட்டை மறந்துவிட்டது ஞாபகம் வந்ததாம். இறங்கி வீட்டுக்குப் போய், அந்தத் தவிட்டில் கல் இருக்கிறதே என்று சலித்து எடுத்துக்கொண்டு வந்தாளாம். நான் பேசியதை இங்கே எழுத முடியாது. திரும்பவும் ஒரு தடவை பிள்ளையை வைத்து எடுக்கலாமா என்று குருக்களைக் கேட்டேன். "கொடுத்ததை வாங்கி இன்னொருத்திக்குக் கொடுக்க இது என்ன ரேஷன் கடையா?" என்று சீறினார். சலித்த தவிடு காசியம்மாளின் மாட்டுக்குப் போனது.

விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஊரில் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். காலனிக்காரிக்குப் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான் பார் என்று என் காதுபடவே பேசினார்கள். பேச்சு ஒரு வாரத்தில் அடங்கிவிடும் என்று சும்மா இருந்தேன். எட்டாம் நாள் காசியம்மாளே வந்துவிட்டாள். கூடவே இருசப்பனும் ஐந்து பிள்ளைகளும். வாசலில் நின்று, "எம் பிள்ளைய பாக்க வந்தேன்," என்றாள்.

பெரியநாயகி எடுத்து வந்து கொடுத்தாள். காசியம்மாள் அவனைப் புரட்டிப் பார்த்தாள். தொடை இடுக்கில் பார்த்தாள், காதுக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னா ஐயா, பிள்ளைக்கு இடுக்கெல்லாம் செவந்து கெடக்குது? தேங்கா எண்ண வைக்க மாட்டீங்களா? இப்படி வச்சிக்கினு இருந்தா எப்படி?"

ஏழு காணி நிலமும் பம்புசெட்டும் வைத்திருக்கிற என்னை, என் வாசலில் நின்று, என் அப்பாகூட அப்படி அதட்டியதில்லை. வாயைத் திறந்தேன். பெரியநாயகி கண்ணாலேயே அடக்கினாள். இவளைப் பகைத்துக்கொண்டால் பிள்ளைக்கு ஆகாது. அந்தப் பயம் எனக்கும் இருந்தது. தேங்காய் எண்ணெய் வாங்க நானே கடைக்குப் போனேன்.

அதற்குப் பிறகுதான் கோயில்கள் ஆரம்பித்தன. காசியம்மாள் பிறந்ததிலிருந்து கள்ளக்குறிச்சி சந்தையைத் தாண்டிப் போனவள் இல்லை. ஆனால் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் எந்தப் பழைய கோயில், எந்தச் சாமிக்கு என்ன விசேஷம் என்பதெல்லாம் களை எடுக்கிற இடத்தில் கேட்டுக் கேட்டு மனப்பாடமாக இருந்தது. பிள்ளைக்குப் பல் வரவில்லை என்றால் ஒரு கோயில். சளி பிடித்தால் ஒரு கோயில். "நான் வேண்டிக்கினேன் ஐயா, போயே ஆவணும்," என்பாள். தூக்கிப் போக வேண்டியது வாங்கினவள் என்பதால் அவள் வருவாள். அவள் வந்தால் ஐந்தும் வரும். நான், பெரியநாயகி, மூட்டை முடிச்சு. கைக்குழந்தையோடு கோயிலுக்குப் போவதென்றால் சாமிக்கு ஒரு தேங்காய் போதும். குழந்தைக்குத்தான் பால் புட்டி, வெந்நீர், வசம்பு, எட்டுத் துணி, தொட்டில் சேலை என்று ஒரு வண்டி சாமான் வேண்டும். பிள்ளை அவள் இடுப்பில். மூட்டை என் தலையில்.

முதலில் ரிஷிவந்தியம் போனோம். பிள்ளைக்கு ஏழு மாதம். கோயில் வாசலில் இறங்கியதும் தூங்கிவிட்டான். காசியம்மாள் வெளியே ஒரு வேப்பமரக் கிளையில் சேலையைக் கட்டித் தொட்டிலாக்கி, "ஐயா, நீங்க காவலுக்குக் குந்துங்க, நாங்க சாமி பாத்துட்டு வரோம்," என்றாள். நான் உட்கார்ந்தேன். பங்குனி மாதத்து வெயில், காலையில் நாலு மணிக்கு எழுந்த அலுப்பு. நானும் கண்ணசந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால் தொட்டிலைச் சுற்றி மூன்று பெண்கள். யாரோ பிள்ளை வரத்துக்குக் கட்டிய வேண்டுதல் தொட்டில் என்று நினைத்து, சேலையில் மஞ்சள் குங்குமம் வைத்து, ஒருத்தி சூடமும் கொளுத்தியிருந்தாள். இன்னொருத்தி தொட்டிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் குனிந்த நேரம் பார்த்து என் மகன் உள்ளேயிருந்து ஒரு கையை வெளியே நீட்டினான். அந்தப் பெண் போட்ட சத்தத்தில் கோயில் புறா அத்தனையும் பறந்தன. பிறகு அவர்கள் போகவே மாட்டேன் என்றார்கள். நேரிலேயே தரிசனம் கிடைத்துவிட்டதாம். காசியம்மாள் வந்து, "எம் பிள்ளதாம்மா, ஆறாவது," என்றதும் அந்த மூன்று பேரும் அவள் காலிலேயே விழுந்தார்கள்.

ஆதிதிருவரங்கம் போனபோது அவனுக்கு ஒன்றரை வயது. சதா ஓட்டம். ஒரு இடத்தில் நிற்க வைக்க முடியாது. அங்கே பெருமாள் பெரிய உருவமாகச் சயனத்தில் இருக்கிறார் அல்லவா? பிள்ளை அவரை விளக்கு வெளிச்சத்தில் வாய் பிளந்து பார்த்தான். "தூங்குது," என்றான். அப்புறம் அவள் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, அங்கேயே கல் தரையில், கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு அதே மாதிரி படுத்துவிட்டான். விளையாட்டுக்குப் படுத்தவன் குளிர்ச்சியான கல்லில் உண்மையாகவே தூங்கிப் போனான். பின்னால் தரிசனத்துக்குக் கூட்டம் நிற்கிறது. நான் தூக்கக் குனிந்தேன்.

"தொடாதீங்க! தூங்கற பிள்ளைய எழுப்பினா பயந்துக்கும்," என்றாள் காசியம்மாள்.

"கூட்டம் நிக்குது, காசி!"

"நிக்கட்டும். அந்தப் பெருமாள எழுப்பிட்டு இவங்க சாமி கும்பிடறாங்களா? தூங்கறவரத்தானே வந்து பாக்கறாங்க?"

அர்ச்சகர் ஓரமாக வரச் சொல்லிக் கூட்டத்துக்குக் கையைக் காட்டினார். ஜனங்கள் பிள்ளையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். முக்கால் மணி நேரம் நான் அவன் தலைமாட்டில் நின்று, மிதித்துவிடாதீர்கள் மிதித்துவிடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தீர்த்தம் வாங்கிய ஒரு பெரியவர் எனக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

திருக்கோயிலூர் யாத்திரைதான் எல்லாவற்றிலும் மோசம். இரண்டு வயது. ஒரு காலை வானத்துக்குத் தூக்கி நிற்கும் பெருமாளைப் பார்த்தது முதல் அவனும் காலைத் தூக்க ஆரம்பித்தான். கோயிலில் தூக்கி விழுந்தான். குளக்கரையில் தூக்கி விழுந்தான். பஸ்ஸில் தூக்கிப் பக்கத்துச் சீட்டுக்காரரின் டீ கிளாஸைத் தட்டிவிட்டான். காசியம்மாளின் ஐந்தும் அவனைப் பார்த்துத் தூக்கின. பஸ் ஸ்டாண்டில் ஆறு பிள்ளைகள் வரிசையாக ஒற்றைக் காலில் நிற்க, வித்தை காட்டுகிறவர்கள் என்று நினைத்து எங்களைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. நான் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மறைவாகப் போய் நின்றேன். காசியம்மாளோ விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கோபத்தில் இத்தனையும் எழுதுகிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். அவள் தன் ஐந்துக்கு எது வாங்கினாலும் ஆறாக வாங்குவாள். கூலி கிடைத்த நாளில் ஐந்து கமர்கட் வாங்கினால் ஆறாவது ஒன்று முந்தானை முடிச்சில் எங்கள் ஊருக்கு வரும். வருவதற்குள் அது உருகி, துணியோடு ஒட்டி, நூலும் சேர்ந்திருக்கும். பிள்ளை அதைத்தான் தின்பான். நான் சின்னசேலத்திலிருந்து வாங்கி வரும் பிஸ்கட்டை நாய்க்குப் போடுவான். பேர் என்னடா என்று கேட்டால் "ஆறாவது" என்பான். பெரியநாயகியும் அவனைக் "காசி மவனே" என்றுதான் கூப்பிடுவாள். என் வீட்டில் அவனை என் பிள்ளை என்று சொல்ல ஆளே இல்லை. நானும் பயத்தில் சொல்லவில்லை.

இரண்டரை வயது வந்தது. அந்த மாதம் முழுவதும் நானும் பெரியநாயகியும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் ஒரு தும்மல் போட்டால் எனக்கு உயிர் போய்விட்டு வரும். அந்த மாதம் கழிந்தது. அதற்குப் பிறகு நான் நாள்களை எண்ண ஆரம்பித்தேன். எழுபத்தெட்டு ஆவணியில் மூன்று முடியும். அன்றைக்குப் பிள்ளையைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். அப்புறம் ஊரறிய, உரக்க, என் மகனே என்று கூப்பிட வேண்டும். இந்த ஒன்றுக்காகத்தான் நான் அத்தனை மூட்டையும் சுமந்தேன்.

காசியம்மாள் என்ன கேட்பாள் என்று ஊரில் ஒரே பேச்சு. ஜோடி மாடு கேட்பாள் என்றார்கள். இல்லை, கிணற்றடியில் ஒரு காணி எழுதி வைக்கச் சொல்வாள் என்றார்கள். "குடுக்கறவன் வாய் பாத்துக்கினு இருந்தா ஏழு காணியையும் கேப்பா," என்றார் என் பங்காளி பொன்னுரங்கம். எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள் என்றாள் பெரியநாயகி. ஒரு காணி வரை மனசைத் தயார் செய்துவிட்டேன். விருந்துக்குப் பந்தல் போட்டாயிற்று. ஜெயம்மாள் இரண்டு நாள் முன்னாலேயே வந்து சமையலை ஏற்றுக்கொண்டாள். அந்த முறை எதையும் மறக்கவில்லை.

அன்று காலை நாங்கள் மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். காசியம்மாள் வெளுத்த சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, தனியாக வந்திருந்தாள். பிள்ளை ஓடிப்போய் அவள் இடுப்பில் ஏறிக்கொண்டான். குருக்கள் வெற்றிலைத் தட்டை எடுத்துவைத்து, "ஆரம்பிக்கலாம்," என்றார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "சொல்லு காசி. இன்னா வேணும்?"

"எதுக்குங்க?"

"பிள்ளைக்குத்தான்."

"பிள்ளைக்கா? ரெண்டு டவுசர் வேணும். இது பின்னால கிழிஞ்சிகினு இருக்குது, யாருமே பாக்க மாட்டீங்களா?"

"அது இல்ல. பிள்ளைய எங்களுக்குத் திருப்பிக் குடுக்கணும் இல்லியா? அதுக்கு நீ இன்னா கேக்குற? எதுவா இருந்தாலும் கேளு. நெலமா இருந்தாலும் சரி."

அவள் என்னையும் குருக்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முகம் மாறியது. பிள்ளையை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"விக்கச் சொல்றீங்களா?"

"வழக்கம்தான் அம்மா," என்றார் குருக்கள். "மூணு வயசு ஆனா திருப்பி..."

"எனக்கு அந்த வழக்கம் தெரியாது சாமி. மழையே இல்லாத வருஷத்துல, கூழுக்கு வழி இல்லாம கெடந்தப்போ, ஆத்தூர்ப் பக்கத்து மில்லுக்காரர் ஒருத்தர் என் மூணாவத கேட்டாரு. நல்லா வச்சிக்கிறேன், நெல்லு தரேன்னாரு. நான் குடுக்கல. இவன மட்டும் இன்னாத்துக்குக் குடுப்பேன்? பிள்ளைய விக்கறது எங்க வூட்டுல இல்லீங்க. அது பெரிய வூட்டுப் பழக்கம் போல."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கத்தினேன். சம்பிரதாயம் என்றேன், பேச்சுக்கு ஒரு மதிப்பு வேண்டாமா என்றேன், பந்தல் போட்டிருக்கிறேன் என்றேன், ஊரே சாப்பிட உட்கார்ந்திருக்கிறது என்றேன். கோயில் முழுக்க என் சத்தம்தான். பிள்ளை என்னை வேடிக்கை பார்த்தான்.

"இன்னாத்துக்கு கத்தறீங்க ஐயா? உங்க வூட்டுலயே இருக்கட்டும். யாரு வேணான்னா? நான் இட்டுக்கினு போறேன்னா சொன்னேன்? விக்க மாட்டேன்னுதான் சொல்றேன்."

நான் பெரியநாயகியைப் பார்த்தேன். அவள் எனக்காகப் பேசுவாள் என்று நினைத்தேன். அவள் வந்து காசியம்மாள் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"அவ சொல்றதுதாங்க சரி. நம்ம பேர்ல இருந்த ரெண்டும் போயிடுச்சி. அவ பேர்ல இருக்கறது இருக்குது. எனக்குப் பிள்ளை உசுரோட இருந்தா போதும். யாருதா இருந்தா இன்னா?"

என் கோபம் அப்படியே இறங்கிப் போய்விட்டது. கோபம் போன இடத்தில் வேறொன்றும் வரவில்லை. அழுகைதான் வந்தது. ஐம்பது வருஷப் பகையாளி பார்த்தாலும் எனக்காக அழுதிருப்பான். அப்படித் துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதேன். மூன்று வருஷமாகப் பூட்டி வைத்திருந்தது எல்லாம் போனது. குருக்கள் வெற்றிலைத் தட்டைத் திரும்ப உள்ளே எடுத்துப் போனார்.

அழுது முடிந்ததும் காசியம்மாள், "வாங்க போலாம், விருந்து ஆறிக்கினு இருக்கும்," என்றாள். கச்சிராயபாளையம் வரை நடந்து, சின்னசேலம் பஸ் ஏறினோம். அவளும் பெரியநாயகியும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். பிள்ளை காசியம்மாள் மடியில் தூங்கிவிட்டான். நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கண்டக்டர் வந்தார். பஸ்ஸில் அன்றைக்குக் கூட்டம் ஜாஸ்தி, நிறையக் குழந்தைகள். எல்லாத் தாய்மார்களும் வழக்கம்போல இரண்டரை, இரண்டே முக்கால் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எட்டு வயசுப் பையன் ஒருத்தனை மடியில் மடக்கி வைத்து இரண்டரை என்றாள் ஒருத்தி. மூன்று முடிந்துவிட்டால் அரை டிக்கெட் வாங்க வேண்டும் அல்லவா? கண்டக்டர் எங்களிடம் வந்து தூங்குகிற பிள்ளையைப் பார்த்தார்.

"இவனுக்கு எவ்ளோ? இவனும் ரெண்டரைதானா?"

"இன்னியோட மூணு முடிஞ்சிச்சிங்க," என்றாள் காசியம்மாள். பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். "மூணு! அரை டிக்கெட் குடுங்க அவனுக்கு."

தானாகவே அரை டிக்கெட் கேட்கும் தாயை அந்தக் கண்டக்டர் அதுவரை பார்த்திருக்க மாட்டார். அவள் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்துப் பிரித்தாள். என் கையும் பழக்கதோஷத்தில் சட்டைப் பைக்குப் போனது. கண்டக்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உங்க பையனாங்க?" என்று என்னைத்தான் கேட்டார்.

பையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். "இல்லீங்க. அவங்க பையன்," என்றேன். "நான் கூட வந்தவன்."

கண்டக்டர் அரை டிக்கெட்டைக் கிழித்து அவள் கையில் கொடுத்தார். எங்கள் வீட்டில் யாருக்கும் அதுவரை அரை டிக்கெட் வாங்கியதில்லை. பெரியநாயகி அதை அவள் கையிலிருந்து வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து, தூங்குகிற பிள்ளையின் காதோரம் முத்தம் வைத்து, வாய்விட்டுக் கொஞ்ச ஆரம்பித்தாள். சின்னசேலம் வரும்வரை நிறுத்தவில்லை.